வெளிநாட்டுப் பொதி உணவும் ஹலால் முத்திரையும்: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புறக்கோட்டையில் இறக்குமதி உணவுப் பொருள்களை மொத்தமாக விற்கும் கடையொன்றில் 14 வருடங்களாகக் கொள்வனவு வேலை பார்க்கிறேன். கொள்கலன் வந்திறங்கினால் அதன் கடதாசிகளை முதலில் வாசிப்பவன் நான்தான். இது தெரிந்தவர்கள் ஜும்ஆ முடிந்து பள்ளி முற்றத்தில் நிற்கும்போதும், தெமட்டகொடையில் என் வீட்டு வாசலிலும் ஒரு பக்கற்றை நீட்டி, “நானா, இதைச் சாப்பிடலாமா?” என்று கேட்காத வாரம் இல்லை. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்களின் வாயிலிருந்து வந்தபடியே இங்கே சேர்த்திருக்கிறேன். நான் மார்க்கம் கற்ற ஆலிம் அல்லன். லேபலும் சான்றிதழும் தொழிற்சாலையும் எனக்குத் தெரிந்த விஷயங்கள். மார்க்கத் தீர்ப்புக்குப் போகவேண்டிய இடங்களில் அதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறேன்.

பக்கற்றில் ஹலால் முத்திரை இருந்தால் அதற்கு உண்மையில் என்ன அர்த்தம்?

சான்றளிக்கும் அமைப்பொன்று ஒரு தொழிற்சாலைக்கு ஆளனுப்பி, ஒரு பொருளில் சேரும் மூலப்பொருள்களையும் செய்முறையையும் பார்த்துவிட்டுச் சாட்சி சொல்கிறது என்று அர்த்தம். பன்றியிலிருந்து வந்ததோ, முறைப்படி அறுக்கப்படாத பிராணியிலிருந்து வந்ததோ, மதுவோ அதில் சேரவில்லை என்பது அந்தச் சாட்சியின் முதற்பாதி. அதே இயந்திரத்தில் வேறு என்ன ஓடுகிறது, எப்படிக் கழுவுகிறார்கள், களஞ்சியத்தில் எதோடு சேர்த்து அடுக்குகிறார்கள் என்பது மறுபாதி.

சாட்சி என்றால் நான்கு விஷயங்கள் தெரியவேண்டும்: சொல்வது யார், எந்தப் பொருளைப் பற்றி, எந்தத் தொழிற்சாலையைப் பற்றி, எந்தத் திகதி வரை. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் இந்த நான்கில்தான் இருக்கிறது. “அந்தக் கம்பனி ஹலால் கம்பனி” என்று ஒன்று கிடையாது. ஒரே கம்பனியின் ஒரு பிஸ்கட்டுக்குச் சான்றிதழ் இருக்கும், பக்கத்தில் அடுக்கியிருக்கும் இன்னொன்றுக்கு இருக்காது.

வெளிநாட்டிலிருந்து வரும் உணவுக்கு இலங்கையில் ஹலால் சான்றிதழ் கட்டாயமா?

இல்லை. இங்கே அது விரும்பினால் பெறுவது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம், உணவு பாதுகாப்பானதா, லேபல் பொய் சொல்கிறதா என்பவற்றைப் பார்க்கிறது. துறைமுகத்தில் சுகாதார அமைச்சின் உணவு அதிகாரிகளும், சில பொருள்களுக்கு இலங்கைக் கட்டளைகள் நிறுவனமும் செய்கின்ற பரிசோதனையும் அந்த வகைதான். “சுங்கத்தில் விட்டுவிட்டார்கள், ஆகவே ஹலால்தான்” என்று நம்பியிருப்பவர்கள் அந்த நம்பிக்கையை இன்றே கைவிடவேண்டும்.

உள்ளூரில் 2013 வரை அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா என்ற ஆலிம்கள் சபை சான்றிதழ் வழங்கிவந்தது. அந்த வருடம் முத்திரைக்கு எதிராக எழுந்த பிரசாரத்தை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அதன் பிறகு, 2014 முதல் ஹலால் அக்ரடிடேஷன் கவுன்சில் என்ற தனி நிறுவனம் அந்த வேலையைச் செய்கிறது. அதன் முத்திரையை நம் நாட்டில் உற்பத்தியாகும் பொருள்களில் அதிகம் காண்பீர்கள். இறக்குமதிப் பொருள்களில் பெரும்பாலும் இருப்பது உற்பத்தியான நாட்டின் முத்திரை.

அப்படியானால் எந்த நாட்டு முத்திரையை எப்படி அடையாளம் காண்பது?

கொழும்புக் கடைகளில் அதிகம் கிடைப்பவற்றைச் சொல்கிறேன். மலேசியாவில் இதைப் பார்ப்பது ஜாக்கிம் என்ற அரசுத் திணைக்களம். வட்டத்துக்குள் எட்டு முனை நட்சத்திரம், அதன் நடுவே அரபியில் ஹலால், சுற்றிலும் மலேசியா என்ற பெயர். முத்திரைக்குக் கீழே எம்எஸ் 1500 என்ற தரக் குறியீடும் ஓர் இலக்கமும் இருக்கும். சிங்கப்பூரில் முயிஸ் என்னும் இஸ்லாமிய சமயமன்றம். தாய்லாந்தில் மத்திய இஸ்லாமியக் கவுன்சில். அதன் முத்திரை வைர வடிவம்.

இந்தோனேசியப் பொருள்களில் இரண்டு விதமான முத்திரைகளைப் பார்த்துக் குழம்புகிறார்கள். முன்பு அந்நாட்டு உலமா சபையின் பச்சை வட்டம் இருந்தது. 2022இல் அரசின் ஹலால் முகவரகம் ஊதா நிறத்தில், அவர்களுடைய நிழற்பாவைக் கூத்தில் வரும் மலை உருவத்தைப் போன்ற புதிய முத்திரையை அறிமுகப்படுத்தியது. மாறுகிற காலத்தில் இரண்டும் கடைக்கு வரும். பழையது என்பதற்காகப் போலி என்று எறிந்துவிடாதீர்கள்.

அரபியில் “ஹலால்” என்று மட்டும் அச்சிட்டிருக்கிறது, போதாதா?

போதாது. மேலே சொன்ன நான்கில் முதலாவது, சொல்வது யார் என்பதே அங்கே இல்லை. உற்பத்தியாளர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்கிறார். அவர் உண்மையே சொல்லலாம். ஆனால் வாங்குபவர் அதைச் சரிபார்க்க வழி இல்லை. அமைப்பின் பெயர் இருந்தால் அதன் இணையத்தளத்தில் பொருளின் பெயரையோ இலக்கத்தையோ தேடலாம். ஜாக்கிமுக்கும் முயிஸுக்கும் அந்த வசதி உண்டு, கைபேசியில் இரண்டு நிமிட வேலை. ஜாக்கிம், தான் ஏற்றுக்கொள்ளும் வெளிநாட்டு அமைப்புகளின் பட்டியலையும் வெளியிடுகிறது. பெயர் கேள்விப்படாத அமைப்பின் முத்திரை வந்தால் நான் முதலில் தேடுவது அந்தப் பட்டியலில்தான்.

முத்திரை இல்லாத எல்லாவற்றையும் தள்ளிவைக்க வேண்டுமா?

வேண்டாம். அரிசி, பருப்பு, சீனி, பேரீச்சம்பழம், தேயிலை, தேன், வேறெதுவும் சேராத கடலை வகை: இவற்றுக்கு முத்திரை தேடி அலைய அவசியமில்லை. டின் மீனும் அப்படித்தான். மீனை அறுக்கவேண்டும் என்ற நிபந்தனை இல்லை. உப்புநீரிலோ எண்ணெயிலோ இருந்தால் கவலை இல்லை, சோஸில் ஊறியதென்றால் மட்டும் சோஸில் என்ன சேர்ந்திருக்கிறது என்று வாசியுங்கள்.

உணவு எவ்வளவு தூரம் தொழிற்சாலைக்குள் போய்வந்ததோ அவ்வளவுக்குச் சாட்சி வேண்டும். டொபி, மார்ஷ்மெலோ, சூப் தூள், நூடுல்ஸின் மசாலாப் பொட்டலம், சீஸ், கேக் கலவை ஆகியவற்றில் கவனம் தேவை. இறைச்சி என்றால் சாட்சி இல்லாமல் வாங்கவே கூடாது.

ஈ இலக்கம் எல்லாம் பன்றிக் கொழுப்பாமே? வாட்ஸ்அப்பில் பட்டியல் வந்தது.

அந்தப் பட்டியல் எனக்கும் பலமுறை வந்திருக்கிறது. அதை அனுப்புபவர்களின் பேணுதலை மதிக்கிறேன், ஆனால் அது பிழையான பட்டியல். ஈ இலக்கம் என்பது ஐரோப்பாவில் உணவுச் சேர்க்கைகளுக்குக் கொடுத்த வரிசை எண், அவ்வளவுதான். ஈ-100 நம் அடுப்படி மஞ்சளிலிருந்து எடுக்கும் நிறம். ஈ-300 வைட்டமின் சி. ஈ-330 எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலம். இவற்றையெல்லாம் பன்றி என்று சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துவது, அல்லாஹ் ஆகுமாக்கியதை நாமாக விலக்குவது.

உண்மையில் நின்று பார்க்கவேண்டியவை சில உண்டு. ஈ-471 கொழுப்பிலிருந்து செய்யப்படுகிறது. அது பாம் எண்ணெயாகவும் இருக்கலாம், விலங்குக் கொழுப்பாகவும் இருக்கலாம், எண்ணைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. கிளிசரின் எனப்படும் ஈ-422உம் அதே நிலை. மாவைப் பக்குவப்படுத்தும் ஈ-920, இறகிலிருந்தோ முடியிலிருந்தோ நொதிப்பிலிருந்தோ வரலாம். நூடுல்ஸ் மசாலாவில் வரும் ஈ-631, மீன், இறைச்சி, மரவள்ளி மாவின் நொதிப்பு என மூன்று வழியிலும் கிடைக்கும். ஈ-542 எலும்பிலிருந்து வருவது. இவற்றைப் பார்த்தவுடன் ஹராம் என்று முடிவுகட்டவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் வேண்டாம். “தாவர மூலம்” என்று எழுதியிருக்கிறதா, நம்பத்தக்க முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் கம்பனிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பல கம்பனிகள் பதில் தருகின்றன.

ஜெலட்டின் என்று மட்டும் போட்டிருந்தால்?

விடுங்கள். ஜெலட்டின் பன்றித் தோல், மாட்டுத் தோல், எலும்பு, மீன் ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. மாடு என்று எழுதியிருந்தாலும் அது அறுக்கப்பட்ட முறை தெரியாது, ஆகவே முத்திரை வேண்டும். மீன் ஜெலட்டின் என்றாலோ, பெக்டின், அகர் போன்ற தாவரப் பொருளால் உறையவைத்தது என்றாலோ ஜெலட்டின் பற்றிய கவலை தீர்ந்தது. ஜெலட்டின் லேபலில் தெரியாமல் வரும் இடமும் உண்டு: சில உணவுகளில் சேர்க்கும் வைட்டமின் ஏ, டி தூள்களுக்கு அதைக் கொண்டு உறையிடுகிறார்கள். வைட்டமின் சேர்த்த பால்மாவுக்குக்கூட முத்திரை பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இந்தியப் பொருளில் பச்சைப் புள்ளி இருக்கிறதே, அது போதுமா?

பெரிய உதவி அது, முழுப் பதில் அன்று. பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தால் இறைச்சி, மீன், முட்டை, விலங்கு ஜெலட்டின் இல்லை என்று இந்தியச் சட்டப்படி உற்பத்தியாளர் உறுதி சொல்கிறார். பால், தேன், தேன்மெழுகு, அரக்கிலிருந்து வரும் ஷெல்லாக் ஆகியவற்றுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. மதுசாரத்தைப் பற்றி அந்தப் புள்ளி எதுவும் சொல்வதில்லை. முறுக்கு, அப்பளம், ஊறுகாய், மிக்சர் போன்றவற்றுக்கு என் வீட்டில் பச்சைப் புள்ளியும் மூலப்பொருள் பட்டியலுமே போதும். வாசனைச் சாரம் சேர்ந்த கேக், சொக்லேட் என்றால் பட்டியலை இன்னொரு முறை வாசிப்போம்.

நாங்கள் சைவம். ஹலால் என்று போட்டிருந்தால் அதில் இறைச்சி இருக்கிறது என்று அர்த்தமா, அண்ணா?

வெள்ளவத்தையில் இருந்து வரும் ஒரு வாடிக்கையாளர் அம்மா கேட்டது இது. இல்லை அம்மா, தண்ணீர்ப் போத்தலிலும் அந்த முத்திரை இருக்கலாம். அதேநேரம் ஹலால் என்றால் சைவம் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹலால் முத்திரை பெற்ற ஜெலி டொபியில் மாட்டு ஜெலட்டின் இருக்கலாம். எங்களுக்கு ஆகும், உங்களுக்கு ஆகாது. உங்களுக்கு மேலே சொன்ன பச்சைப் புள்ளியே சரியான அடையாளம்.

மலேசியாவில் ஹலால் என்று தெரிந்த நூடுல்ஸ்தான், இங்கே வாங்கியதில் மட்டும் முத்திரை இல்லை. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்லமாட்டேன். ஒரே பெயரும் ஒரே படமும் கொண்ட நூடுல்ஸைக் கம்பனிகள் நாட்டுக்கு நாடு வேறு கலவையில் செய்கின்றன. கொரியாவிலிருந்து முஸ்லிம் நாடுகளுக்கு அனுப்பும் தொகுதிக்குக் கொரிய முஸ்லிம் சம்மேளனத்தின் முத்திரை இருக்கும். உள்நாட்டுச் சந்தைக்குச் செய்ததில் இருக்காது. நம் கடைகளுக்கு இரண்டு வழியிலும் பொருள் வருகிறது.

ஒருநாள் கொழும்பில் ஒரு கடையில் கொரிய நூடுல்ஸ் பக்கற் ஒன்றைக் கையில் எடுத்தேன். பின்பக்கத்தில் இறக்குமதியாளரின் வெள்ளை ஸ்டிக்கர். அதில் கோதுமை மா, பாம் எண்ணெய், சுவையூட்டித் தூள் என்று மூன்றே வரி. நகத்தால் மூலையை மெல்லத் தூக்கினேன். அடியில் கொரிய மொழியில் ஒவ்வாமைப் பட்டியல், தனிப் பெட்டிக்குள். கைபேசியின் மொழிபெயர்ப்பைப் பிடித்ததும் கோதுமை, சோயா, பால் என்று வந்து, நான்காவதாகப் பன்றி இறைச்சி என்று வந்தது. கொரியச் சட்டத்தில் பன்றி இறைச்சி கட்டாயமாக எழுதவேண்டிய ஒவ்வாமைப் பொருள். ஆகவே அசல் லேபல் நமக்கு உதவுகிறது, மேலே ஒட்டிய ஸ்டிக்கர்தான் மறைக்கிறது. ஜப்பானிலும் பன்றி இறைச்சியும் ஜெலட்டினும் எழுதும்படி பரிந்துரைக்கப்பட்ட பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பக்கற்றைக் கடைக்காரத் தம்பியிடம் காட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது. அவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

எல்லாம் தாவரம்தானே, பிறகு எதற்கு முத்திரை?

இதற்கு 2001இல் இந்தோனேசியாவில் நடந்ததைத்தான் சொல்வேன். உலகமெங்கும் பெயர்பெற்ற ஜப்பானிய நிறுவனமொன்றின், எம்எஸ்ஜி எனப்படும் சுவையூட்டி உப்பு அங்கே உற்பத்தியானது. அந்த உப்பு நொதிப்பால் கிடைப்பது. நுண்ணுயிர்கள் கரும்புப்பாகு போன்றவற்றைத் தின்று அதை உண்டாக்குகின்றன. பன்றி அதில் எங்கே வரும்? அந்த நுண்ணுயிர்களை ஆரம்பத்தில் வளர்க்கும் ஊட்டத்தில் வந்தது. சோயாவைக் கரைத்து அந்த ஊட்டத்தைத் தயாரிக்கப் பன்றியிலிருந்து எடுத்த நொதியம் பயன்பட்டிருந்தது. முடிந்த உப்பில் பன்றியின் தடயம் இல்லை என்று ஒரு தரப்பு சொன்னது, அந்நாட்டு ஜனாதிபதி அப்துர்ரஹ்மான் வாஹிதும் ஹலால் என்றே சொன்னார். உலமா சபை ஏற்கவில்லை. பொருள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

மூலப்பொருள் பட்டியலை எத்தனை முறை வாசித்தாலும் நாம் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. தொழிற்சாலைக்குள் போய்க் கேள்வி கேட்க ஒருவர் இருந்ததால்தான் வெளியே வந்தது. சான்றிதழ் பெற்ற பிறகு நிறுவனம் அந்த ஊட்டத்தை மாற்றியிருந்தது, அதைச் சான்றளித்தவர்களுக்கு முன்கூட்டி அறிவித்திருக்க வேண்டும் என்பதும் இதில் உண்டு. முதல் பதிலில் சொன்ன திகதி எதற்கு என்று இப்போது விளங்கும்.

சோயா சோஸில் மதுசாரம் இருக்கிறதாம். வினாகிரியும் அப்படியா?

இயற்கையாக நொதிக்கவைத்த சோயா சோஸில் இரண்டு வீதமளவில் மதுசாரம் தானாக உண்டாகும். குடிப்பதற்கான மதுவாகச் செய்யப்படாததால் ஆலிம்கள் பலர் அதை வேறாகப் பார்க்கிறார்கள். மிரின், சாக்கே என்ற பெயர்கள் பட்டியலில் இருந்தால் அது ஜப்பானிய மது, வாங்கவேண்டாம். வாசனைச் சாரங்களுக்கு மலேசியாவில் உள்ள பத்வா என்னும் மார்க்கத் தீர்ப்பு, மதுத் தயாரிப்பிலிருந்து வராத மதுசாரமாக இருந்து, இறுதிப் பொருளில் 0.5 வீதத்தைத் தாண்டாவிட்டால் ஆகும் என்கிறது.

வினாகிரியில் நம் மத்ஹபை, அதாவது நாம் பின்பற்றும் மார்க்கச் சட்டப் பிரிவைக் கவனிக்கவேண்டும். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபிகள். மது தானாகவே புளித்து வினாகிரியாகிவிட்டால் ஷாஃபி மத்ஹபில் ஆகும். எதையாவது போட்டு மாற்றினால் ஆகாது. ஹனஃபி மத்ஹபில் இரண்டும் ஆகும். தென்னை, அரிசி வினாகிரிகளைப் பற்றி யாரும் மனம் குழம்பவேண்டாம். வைன் வினாகிரி என்று எழுதிய போத்தலை உங்கள் ஆலிமிடம் காட்டுங்கள்.

ஒரு நாடு ஹலால் என்கிறது, இன்னொரு நாடு இல்லை என்கிறது. யார் பொய் சொல்கிறார்கள்?

யாரும் இல்லை. சிவப்பு நிறத்துக்குப் போடும் ஈ-120 ஒரு பூச்சியிலிருந்து வருகிறது. பூச்சியை உண்பது ஷாஃபி மத்ஹபில் ஆகாது. ஆனால் அந்த நிறத்தை இந்தோனேசிய உலமா சபை 2011இல் ஆகுமென்று தீர்ப்பளித்தது, மலேசியா மிகச் சிறிய அளவுக்கு மட்டும் இடம் கொடுத்தது. கோழியை மின்சாரத்தால் மயக்கி அறுப்பதும் அப்படியொரு விஷயம். மயக்கத்தால் சாகாமல் இருந்தால் ஜாக்கிம் ஏற்கிறது. பிரித்தானியாவில் ஹலால் ஃபுட் அதோரிட்டி ஏற்கிறது, ஹலால் மொனிட்டரிங் கொமிட்டி ஏற்பதில்லை. எந்த முத்திரை எந்தக் கருத்தில் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு, அடுத்த வீட்டுக்காரர் வேறு கருத்தை எடுத்தால் அவரைக் குறை சொல்லாமல் இருந்தால் போதும்.

“பேக்கன் சுவை” சிப்ஸில் பன்றியே இல்லை என்கிறார்கள்?

இல்லாமல் இருக்கலாம், பல சிப்ஸ்களில் அது வெறும் வாசனைதான். ஆனாலும் அந்தப் பெயரோடு மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் சான்றிதழ் கிடைக்காது. என் பிள்ளைகளுக்கு நான் வாங்குவதில்லை.

லண்டனிலிருந்து மகன் கொண்டுவந்த சொக்லேட்டில் யூதர்களின் கோஷர் குறி இருக்கிறது. சாப்பிடலாமா?

கோஷர் முறையில் மதுவுக்குத் தடை இல்லை. ஜெலட்டினிலும் அவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே அந்தக் குறியை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். மதுவின் பெயர், ஜெலட்டின், மூலம் சொல்லாத ஈ-471 இருக்கின்றனவா என்று பாருங்கள். “சைவ உணவாளர்களுக்கு ஏற்றது” என்ற வரி இருந்தால் பச்சைப் புள்ளியைப் போலவே எடுத்துக்கொள்ளலாம்.

நானே சிறிதாக இறக்குமதி செய்யப்போகிறேன். விற்பவர் அனுப்பும் சான்றிதழில் என்ன பார்ப்பது?

முதல் பதிலில் சொன்ன நான்கையும் கடதாசியில் விரல் வைத்துத் தேடுங்கள். சான்றிதழில் உள்ள தொழிற்சாலை முகவரியும் பெட்டியில் அச்சிட்ட முகவரியும் ஒன்றா? பொருள்களின் பெயர்கள் இணைப்பில் ஒவ்வொன்றாக இருக்கின்றனவா? விற்பவர் வெறும் வியாபாரி என்றால் அவர் பெயரில் உள்ள சான்றிதழ் பயன்படாது, செய்தவரின் சான்றிதழ் வேண்டும். மலேசியச் சான்றிதழ் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். இந்தோனேசியாவில் 2023இல் சட்டம் மாறிய பிறகு, கலவையும் செய்முறையும் மாறாதவரை செல்லுபடியாகும். முடிவுத் திகதி இல்லையென்று சந்தேகப்படவேண்டாம். இறைச்சி என்றால் பொதுச் சான்றிதழ் போதாது. அந்தக் கப்பலில் வரும் சரக்குக்கே தனியாக, அறுத்த திகதியும் ஆலை இலக்கமும் எழுதிய கடதாசி கேளுங்கள்.

கிடைத்த பிரதியை அப்படியே நம்பாமல், சான்றளித்த அமைப்புக்கே அனுப்பிக் கேளுங்கள். ஒருமுறை எனக்கு வந்த பிரதியில் திகதி எழுத்து மட்டும் மற்ற எழுத்தைவிடச் சற்றுத் தடிப்பாக இருந்தது. விசாரித்தால், அந்தச் சான்றிதழ் முந்தைய வருடமே முடிந்துவிட்டிருந்தது. அந்தக் கொள்வனவை நிறுத்தினோம்.

பெரிய பெட்டியைப் பிரித்துச் சிறு பக்கற்றாகக் கட்டி விற்கிறார்களே, அந்த முத்திரையை ஒட்டலாமா?

கூடாது. பெட்டி திறந்தவுடன் சாட்சி அங்கேயே முடிந்தது. பிரிக்கும் இடத்தில் என்ன தராசு, என்ன கரண்டி, பக்கத்தில் என்ன பொருள் என்று அந்த அமைப்பு பார்க்கவில்லை. கடைக்காரர் அசல் பெட்டியைக் கேட்டவுடன் காட்டினால் அது நல்ல அறிகுறி.

சான்றிதழுக்குச் செலவாகும் காசு எங்கள் தலையில்தானே விழுகிறது?

உற்பத்தியாளர் சான்றளிக்கும் அமைப்புக்குக் கட்டணம் செலுத்துகிறார். தரச் சான்றிதழ், ஆய்வுகூடச் சோதனை எல்லாவற்றுக்கும் செலுத்துவது போலத்தான். அரசாங்கம் அறவிடும் வரி எதுவும் இதில் இல்லை. முஸ்லிம் நாடுகளுக்கு விற்கவேண்டும் என்ற தேவையால் பெறுகிறார்கள். அதே பொருளே இங்கும் வருகிறது.

முத்திரை பொய் என்று சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்வது?

முதலில் முத்திரைக்குரிய அமைப்புக்குப் படத்தோடு எழுதுங்கள். தங்கள் பெயரைத் திருடினால் அவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். லேபல் ஏமாற்று என்றால் நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம், உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் சொல்லலாம். பற்றுச்சீட்டையும் பக்கற்றையும் எறிந்துவிடாதீர்கள். இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் லேபலில் இருக்கவேண்டும், அவற்றையும் குறித்துக்கொடுங்கள். நிரூபிக்கும் முன் கடையின் பெயரை வாட்ஸ்அப்பில் பரப்புவது மட்டும் வேண்டாம். அங்கே வேலை செய்பவர்களும் நம் பிள்ளைகள்தான்.

தெரியாமல் சாப்பிட்டுவிட்டோம், இப்போது என்ன செய்வது?

ஒரு ராத்தா அழுதுகொண்டே கேட்டார். பிறந்தநாள் விருந்தில் மகள் மார்ஷ்மெலோ சாப்பிட்டிருக்கிறாள், பிறகுதான் பக்கற்றில் பன்றி ஜெலட்டின் என்று பார்த்திருக்கிறார். தெரியாமல் நடந்ததற்குக் குற்றம் பிடிக்கப்படாது என்றுதான் ஆலிம்கள் சொல்வார்கள் என்றேன். மனம் ஆறாவிட்டால் பள்ளி மவ்லவியிடம் நேரில் கேட்கச் சொன்னேன். மீதியை வீட்டில் வைத்திருக்காமல், பக்கற்றின் பின்பக்கத்தைப் படமெடுத்து விருந்து கொடுத்த தாயிடம் கோபமில்லாமல் காட்டச் சொன்னேன். பிள்ளையைத் திட்டவேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பிள்ளை வேறொரு பக்கற்றோடு என் வாசலில் நின்றது. சிறிய எழுத்தைக் கண்ணுக்கு அருகே பிடித்து, எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டுக் கேட்டது: “மாமா, இதில் மீன் ஜெலட்டின் என்று இருக்கிறது. கீழே அந்த நட்சத்திர முத்திரையும் இருக்கிறது. சரிதானே?”